மூன்று கிராம் லூருக்குப் பெய்ட்காஸ்டிங் ரீலைத் தயார் செய்வது எப்படி?

மீன் பிடிக்கப் பெய்ட்காஸ்டிங் ரீலை ஆசையாக வாங்கிவிட்டு, நாலு முறை எறிந்து நாலு முறையும் தூண்டில் நரம்பு சிக்காகி, கடைசியில் பழைய ஸ்பின்னிங் ரீலுக்கே திரும்பிப் போனவர்கள் நம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேரிடம் கேட்டால் கட்டியிருந்த லூர், அதாவது செயற்கை இரை, சின்ன ஜிக்காகவோ சின்ன ஸ்பூனாகவோ இருக்கும், மூன்று நாலு கிராம்தான். ரீலில் குற்றமில்லை, எறிந்தவர் கையிலும் குற்றமில்லை. பதினைந்து கிராம் ஃபிராக்குக்கு (தவளை வடிவ லூர்) ஏற்ற அமைப்பில் மூன்று கிராமைக் கட்டினால் யார் எறிந்தாலும் சிக்கத்தான் செய்யும். இந்தக் கட்டுரை 2 முதல் 5 கிராம் வரையிலான லூர்களுக்கு மட்டும். விரால் ஃபிராக் எறிகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஸ்பின்னிங் ரீலில் எறியும்போது, நரம்பைச் சுற்றி வைத்திருக்கும் ஸ்பூல் அசையாது, நரம்பு விளிம்பு வழியாக உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டரில் அப்படியில்லை, பறக்கிற லூர்தான் ஸ்பூலை இழுத்துச் சுற்ற வைக்க வேண்டும். லூர் லேசாக, ஸ்பூல் கனமாக இருந்தால் அந்த இழுப்பு போதாது. போதாததை ஈடுகட்ட நாம் வெடுக்கென்று எறிவோம். அப்போது ஸ்பூல் திடீரென்று வேகமெடுக்கும், லூரோ காற்றில் பட்டு வேகம் குறைந்துவிடும், ஆனால் ஸ்பூல் குறையாது. வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே பொங்கிக் கிளம்பி முடிச்சாகிவிடும். ஆகவே லேசான லூருக்கு ரீலை அமைப்பது என்றால், ஸ்பூல் பக்கத்துக் கனத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது. பிரேக், திருகு எல்லாம் அதற்கு அப்புறம்தான். நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், எடுத்த எடுப்பில் திருகை இறுக்குகிறார்கள்.

இந்த வேலையை அதிகம் ஆராய்ந்தவர்கள் இரண்டு கூட்டத்தார். ஜப்பான்காரர்கள் இதற்கென்றே தனி வகை ரீல் செய்து பெய்ட் ஃபினெஸ் சிஸ்டம், சுருக்கமாக பி.எஃப்.எஸ். என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் அமெரிக்காவில் கிராப்பி பிடிப்பவர்கள். கிராப்பி வட அமெரிக்க நன்னீர் மீன், கருப்பு, வெள்ளை என்று இரண்டு வகை உண்டு, சாதாரணமாக ஒரு சாண், அதற்குக் கொஞ்சம் மேலே வளரும், வாய் காகிதம் போல மெல்லியது. அதற்கு அவர்கள் எறியும் ஜிக் அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.8 கிராம். சில நேரம் அதிலும் பாதி. அந்த மீன் நமக்கு இல்லை. ஆனால் வாய்க்கால் ஓரத்து ஜிலேபி மீனும், தடுப்பணைக்குக் கீழே நிற்கும் குரவையும், கால் கிலோ அரைக் கிலோ விரால் குஞ்சும் கிட்டத்தட்ட அதே அளவு லூரைத்தான் எடுக்கின்றன. அவர்கள் ரீலை அமைக்கும் முறை நமக்கும் அப்படியே பொருந்தும்.

எந்த ரீல், எந்த ராடு

கடையில் ரீலைப் பார்க்கும்போது நிறத்தையும் பேரிங் எண்ணிக்கையையும் விட்டுவிட்டு ஸ்பூலின் எடையைக் கேளுங்கள். சாதாரண ரீலின் அலுமினிய ஸ்பூல் 15 முதல் 20 கிராம் இருக்கும், பி.எஃப்.எஸ். ரீலின் ஸ்பூல் 10 கிராமுக்குள் அடங்கும், நல்லவை அதற்கும் வெகு கீழே. ஸ்பூல் ஆழமில்லாமல், உடம்பில் துளை துளையாகப் போட்டு வைத்திருப்பார்கள். ஷிமானோ, டைவா இரண்டிலும் இந்த வகை உண்டு, விலை கையைக் கடிக்கும். சீனத் தயாரிப்புகளில் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கிறது, தொடங்குபவருக்கு அது போதும். ஏற்கெனவே சாதாரண ரீல் வைத்திருப்பவர் அதே மாடலுக்கு ஆழம் குறைந்த ஸ்பூல் தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, 5 கிராம் வரைக்கும் பழைய ஸ்பூலிலேயே சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் சிரமம்தான்.

வலக்கைக்காரர் எந்தப் பக்கக் கைப்பிடி வாங்குவது என்று கேட்பார்கள். லேசான லூரை நாள் முழுக்க எறிந்து சுற்ற வேண்டும், எறிந்த கையிலேயே ராடு (தூண்டில் கோல்) இருந்துவிட்டால் நல்லது. இடக்கைப் பக்கக் கைப்பிடி வாங்குங்கள்.

ராடில் கைப்பிடிக்குச் சற்று மேலே லூர் எடை அச்சடித்திருக்கும். 1 முதல் 7 கிராம் அல்லது 2 முதல் 8 கிராம் என்று இருப்பது நமக்கு வேண்டியது. 7 முதல் 21 என்று இருக்கும் ராடில் மூன்று கிராமைக் கட்டினால் ராடு வளையவே வளையாது. வளையாத ராடு எறியாது, கைதான் எறிய வேண்டியிருக்கும். ரீலுக்குச் செலவழித்துவிட்டு ராடில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நரம்பு

எல்லாவற்றிலும் காசு செலவில்லாமல் அதிக லாபம் தருவது இதுதான். கடைக்காரரிடம் கொடுத்தால் ஸ்பூல் விளிம்பு வரைக்கும் நரம்பைச் சுற்றிக் கொடுத்துவிடுவார். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.30 மி.மீ. நைலான் நரம்பு 100 மீட்டர் ஏறத்தாழ 8 கிராம் எடை. உங்கள் லூரோ மூன்றரை கிராம். லூரைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான பாரத்தை ஸ்பூலில் சும்மா ஏற்றி வைத்து அதையும் சேர்த்துச் சுற்றச் சொல்கிறோம். அதே இடத்தில் 0.20 மி.மீ. நைலான் 50 மீட்டர் மட்டும் சுற்றினால் எடை 2 கிராமுக்கும் உள்ளே. பல இழை பின்னிய நரம்பான பிரெய்டில் பி.இ. 0.8 எண் (தடிமனைக் குறிக்கும் எண்) 50 மீட்டர் போட்டால் ஒரு கிராம்கூட வராது.

ஐம்பது மீட்டர் போதுமா என்று யோசிக்க வேண்டாம். மூன்று கிராம் லூர் நன்றாகப் போனால் இருபது மீட்டர், இருபத்தைந்து மீட்டர். சிக்கில் கொஞ்சம் வெட்டிப் போட்டாலும் மீதி போதும். ஆழமான பழைய ஸ்பூலாக இருந்தால் இந்த ஐம்பது மீட்டர் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், பார்க்க ஒரு மாதிரியாக இருக்கும், ஒரு சுற்றுக்கு நரம்பு குறைவாகத்தான் உள்ளே வரும். இருக்கட்டும். அடியில் கனத்த நரம்பைப் போட்டு நிரப்புகிறேன் என்று கிளம்பினால் குறைத்த எடை திரும்ப வந்துவிடும்.

நைலானா பிரெய்டா என்றால், புதியவர்களுக்கு நான் நைலானைத்தான் சொல்வேன். பிரெய்டு தூரம் போகும், கடி நன்றாகத் தெரியும், ஆனால் மெல்லிய பிரெய்டில் சிக்கு விழுந்தால் ஒன்றுக்குள் ஒன்று புதைந்துகொண்டு நகத்துக்கே அகப்படாது. நைலானில் விழும் சிக்கைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கலாம். கை பழகிய பிறகு பிரெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். அப்போது ஸ்பூலில் நேராக பிரெய்டைக் கட்டினால் மொத்தமாக வழுக்கிச் சுற்றும், அடியில் இரண்டு மூன்று மீட்டர் நைலான் கட்டி அதன்மேல் சுற்ற வேண்டும். முன்னால், லூருக்கும் பிரெய்டுக்கும் நடுவில், ஒரு மீட்டர் தனி நரம்புத் துண்டு, அதாவது லீடர், போட வேண்டும்.

சுற்றும் முறை இது. நரம்புக் கட்டையின் ஓட்டையில் பென்சிலைச் செருகி யாராவது பிடித்துக்கொள்ளட்டும், கட்டை தாராளமாக உருள வேண்டும். நரம்பு நுனியை ரீலின் முன்னால் இருக்கும் சின்ன வழிகாட்டித் துளைக்குள் நுழைத்த பிறகுதான் ஸ்பூலில் முடிச்சுப் போட வேண்டும். அவசரத்தில் இதை மறந்துவிட்டால் அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து. ஈரத் துணியை மடித்து இரண்டு விரலுக்கு நடுவில் நரம்பைப் பிடித்துக்கொண்டே சுற்றுங்கள். தொளதொளவென்று சுற்றிய நரம்பு முதல் எறிதலிலேயே மேல்சுற்றைக் கீழ்சுற்றுக்குள் இழுத்துக்கொள்ளும்.

எண்ணெய்

புது ரீலில் பேரிங்குகளுக்குக் கெட்டியான எண்ணெய் போட்டு அனுப்புவது வழக்கம், துருப்பிடிக்காமல் இருக்க. கனமான லூருக்கு அது தடையே இல்லை, மூன்று கிராமுக்குத் தடைதான். பக்கவாட்டு மூடியைத் திறந்து ஸ்பூலை வெளியே எடுங்கள். ஸ்பூலைத் தாங்கும் பேரிங்குகள் மட்டும் போதும், கியர் பக்கம் கை வைக்க வேண்டாம். மொபைல் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பேரிங்கைக் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் குலுக்கி, நன்றாகக் காயவிட்டு, ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். ரீல் எண்ணெய் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் திருப்பூர்ப் பக்கம் எந்த டெய்லர் கடையிலும் இருக்கும் தையல் மிஷின் எண்ணெய் தொடக்கத்துக்குப் போதும். இரண்டாவது சொட்டு விட்டால் ஸ்பூல் வேகம் குறையும், கூடாது.

தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். பொள்ளாச்சிக்காரர்கள் வீட்டில் கைக்கு எட்டும் எண்ணெய் அதுதான் என்றாலும், 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். மார்கழி விடியற்காலையில் ஆழியாறு கரையில் நின்றால் ஸ்பூல் பிசின் போட்ட மாதிரி நிற்கும்.

பிரேக்கும் திருகும்

இங்கேதான் பொறுமையாகப் படிக்க வேண்டும். ரீலில் ஸ்பூலை அடக்க மூன்று வழி இருக்கிறது. கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்ன டென்ஷன் திருகு, பக்கவாட்டில் இருக்கும் பிரேக், அப்புறம் உங்கள் கட்டைவிரல்.

"லூரைத் தொங்கவிட்டு ஸ்பூலை விடுவிக்கிற பொத்தானை அமுக்குங்க, லூர் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கிற மாதிரி திருகை இறுக்குங்க" என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். பத்து கிராமுக்கு மேல் அது சரியான யோசனை. மூன்று கிராமுக்கு அதைச் செய்தால் எறிதலே செத்துவிடும். காரணம், திருகு கொடுக்கும் உராய்வு தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரே அளவு. ஸ்பூல் வேகமாகச் சுற்றும்போதும் அவ்வளவுதான், லூர் தண்ணீரை நெருங்கி மெதுவாகச் சுற்றும்போதும் அவ்வளவுதான். லேசான லூரிடம் கடைசியில் மிச்சம் இருக்கும் கொஞ்ச இழுப்பையும் அது தின்றுவிடும். காந்த பிரேக் அப்படியில்லை, ஸ்பூல் வேகம் கூடினால் அதன் பிடியும் கூடும், வேகம் குறைந்தால் தானாகக் குறையும். சிக்கு பெரும்பாலும் எறிந்த முதல் நொடியில், ஸ்பூல் உச்ச வேகத்தில் இருக்கும்போதுதான் பிறக்கிறது என்பதால் நமக்கு வேண்டியது இந்த வகைப் பிடிதான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். டென்ஷன் திருகை முழுக்கத் தளர்த்தி, ஸ்பூலைக் கட்டைவிரலால் இடவலமாக அசைத்துப் பாருங்கள், லொடலொடவென்று ஆடும். இப்போது திருகைத் துளித்துளியாக இறுக்கிக்கொண்டே ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றும் நிற்காமலும் இருக்கிற இடம் ஒன்று வரும், விரலுக்குத் தெரியும். அங்கேயே விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தத் திருகை மறந்துவிடலாம், லூர் மாற்றும்போதுகூடத் தொட வேண்டாம்.

அடுத்து பிரேக். வெளியே 1 முதல் 10 வரை எண் போட்ட வட்டு இருந்தால் அது காந்தம். எட்டில் வைத்துத் தொடங்குங்கள். நான்கைந்து எறிதல் சிக்கில்லாமல் போனால் ஏழு, அப்புறம் ஆறு. நரம்பு ஸ்பூல்மேல் லேசாக உப்பிக் கிளம்புவது தெரிந்தால் ஒரு எண் மேலே போய் அங்கேயே நில்லுங்கள். உள்ளே சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகள் இருந்தால் அது மையவிலக்கு பிரேக். சுற்றும்போது கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு விளிம்பில் உரசும். அதில் எதிரெதிராக இருக்கும் கட்டைகளைச் சோடியாகப் போடுங்கள், ஒரு பக்கம் மட்டும் போட்டால் ஸ்பூல் அதிரும். அந்தக் கட்டைகளிலும் உரசும் விளிம்பிலும் எண்ணெய் படவே கூடாது.

நட்டு கட்டி எறிந்து பழகுவது

தண்ணீருக்குப் போவதற்கு முன்னால் நிலத்தில் எறிந்து பழகுங்கள். லூர் வேண்டாம், முள்ளும் வேண்டாம். கோயமுத்தூரில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் 8 எம்.எம். போல்ட்டின் நட்டு ஏறத்தாழ 5 கிராம், 6 எம்.எம். நட்டு இரண்டரை கிராம் சுமார். பத்து ரூபாய்க்குள் இரண்டு எடையிலும் பயிற்சி லூர் ஆயிற்று. நிலக்கடலை பிடுங்கிய காடு, ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் எதுவானாலும் சரி, மேலே கரண்ட் கம்பி இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து மீட்டரில் ஒரு குண்டாவை வைத்து அதற்குள் போடப் பாருங்கள். தூரம் எறிய வேண்டும் என்ற எண்ணத்தை முதல் சில நாட்கள் விட்டுவிடுங்கள், குறி வந்தால் தூரம் தானாக வரும். முதலில் பெரிய நட்டு. அது பத்துக்கு ஒன்பது முறை சிக்கில்லாமல் போன பிறகு சின்னது.

எறியும்போது ராடு நுனியிலிருந்து நட்டு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தொங்கட்டும். தலைக்கு மேலே ஓங்கி எறிய வேண்டாம். பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், மணிக்கட்டைச் சுழற்றி ராடைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தாமல் அப்படியே முன்னால் கொண்டு வாருங்கள். பின்னால் போகும் நட்டின் கனம் ராடை வளைத்துவிடும், அந்த வளைவு நிமிரும்போது எறிதல் நடந்துவிடும். கை பலம் கொடுக்கிற வேலையே இல்லை. கட்டைவிரல் ஸ்பூலை விட்டு விலகினாலும் ஒரு மயிரிழைக்கு மேல் விலகக் கூடாது. உப்பிக் கிளம்பும் நரம்பு விரலில் கூசினாற்போலப் படும், அப்போது தொட்டும் தொடாமலும் ஒற்றி எடுங்கள். நட்டு தரையைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் முழுசாக அமுக்கி நிறுத்திவிட வேண்டும். நட்டு விழுந்த பிறகும் ஸ்பூல் சுற்றினால் எந்த பிரேக்காலும் காப்பாற்ற முடியாது.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, அது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற மேல்காற்று, உடுமலை பல்லடம் பக்கம் இத்தனை காற்றாலை நிற்பதற்கே அதுதான் காரணம், மூன்று கிராம் லூரை முகத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். அந்த மாதங்களில் மேற்குக் கரையில் நின்று காற்றுக்கு முதுகைக் கொடுத்து எறியுங்கள். வேறு வழியில்லாமல் எதிர்காற்றில் எறிய வேண்டியிருந்தால் பிரேக்கில் இரண்டு எண் கூட்டி, லூர் தண்ணீருக்கு ஒட்டி தாழப் போகிற மாதிரி எறியுங்கள். அன்றைக்கு ரப்பர்ப் புழு வேண்டாம், அதே எடையில் உருண்டு திரண்ட உலோக ஸ்பூனைக் கட்டுங்கள், காற்றை அறுத்துக்கொண்டு போகும்.

சிக்கு விழுந்தால்

விழத்தான் செய்யும். நரம்பைப் பிடித்துக் கண்டபடி இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க வளையங்கள் இறுகும். டிராக்கை (மீன் பலமாக இழுத்தால் நரம்பை நழுவவிடும் பிடி) இறுக்கிவிட்டு, சிக்கின்மேல் கட்டைவிரலை நன்றாக அழுத்திக்கொண்டு, கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிறகு பொத்தானை அமுக்கி நரம்பை மெதுவாக வெளியே இழுங்கள். முக்கால்வாசிச் சிக்கு இதிலேயே அவிழ்ந்து வந்துவிடும். நிற்கிற இடத்தில் ஒரு வளையம் குறுக்கே விழுந்து கிடப்பது தெரியும், அதை மட்டும் நகத்தால் தூக்கிவிட்டு மறுபடியும் அதே வேலை. வெட்டி எடுத்த நரம்பைக் கரையில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். சிங்காநல்லூர் குளம் போன்ற இடங்களில் நாரை, நீர்க்காகம் போன்ற பறவைகளின் காலில் நரம்பு சுற்றிக்கொண்டால் அவை சாகக்கூடும்.

டிராக்

0.20 மி.மீ. நைலான் தாங்குவது சுமார் இரண்டரை கிலோ. டிராக் அதில் கால்பங்கில், 600 கிராம் சுமாருக்கு நழுவ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 600 மில்லி ஊற்றி நரம்பு நுனியில் கட்டி, ரீலை மட்டும் கையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பாட்டில் மெல்ல மேலே வந்து, கொஞ்சம் ஆட்டினால் நரம்பு நழுவ வேண்டும். ராடில் மாட்டிவைத்துத் தூக்க வேண்டாம், மெல்லிய ராடு நுனியில் ஒடிந்துவிடும். கிராப்பிக்காரர்கள் டிராக்கைத் தளர்வாக வைப்பது அந்த மீனின் வாய் கிழிந்துவிடும் என்பதற்காக. ஜிலேபிக்கும் வாய் சின்னது, முள் மாட்டும் இடம் கொஞ்சம்தான், அதே அளவு சரியாக இருக்கும்.

எங்கே போகலாம்

இந்த அமைப்புக்குத் திறந்த தண்ணீர் வேண்டும். ஆகாயத்தாமரையும் கோரையும் அடைத்த குட்டையில் பெரிய விரால் அடித்தால் இந்த நரம்பு ஒரு நிமிடம் தாங்காது, அங்கே கனமான செட்டோடு போங்கள். மதகு வாய், தடுப்பணைக்குக் கீழே நுரை அடங்குகிற இடம், பாலத் தூணின் நிழல், இவைதான் மூன்று கிராமுக்கு ஏற்றவை. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திய பிறகு ஷட்டர் ஓரங்களில் தேங்கும் தண்ணீரில் ஜிலேபி கூட்டமாக நிற்கும். தண்ணீர் முழு வேகத்தில் போகும் நாட்களில் அந்தச் சரிவுக் கரையில் இறங்கவே இறங்காதீர்கள், வழுக்கினால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது.

அணைகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கோ அரசு மீன்வளத் துறையின் பொறுப்பிலோ இருக்கும். கேட்காமல் எறியக் கூடாது. அமராவதி, பவானிசாகர் இரண்டும் காட்டை ஒட்டியவை, வனத்துறை எல்லைக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது. இரண்டிலும் முதலை உண்டு என்பதால் முழங்கால் தண்ணீரில்கூட நிற்க வேண்டாம். மற்ற இடங்களில் மூங்கில் கழியும் மண்புழுவுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் "ஏனுங்ணா, இந்தப் பக்கம் ஜிலேபி நிக்குதுங்களா" என்று கேளுங்கள். எந்த மதகில் எந்த நேரத்துக்கு மீன் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அவர்கள் தக்கை மிதக்கிற பக்கம் லூரை எறியாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரீலைக் குழாயடியில் பிடிக்க வேண்டாம், ஈரத் துணியால் புழுதியைத் துடைத்தால் போதும். டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். வாய்க்கால் கரை மணல் பேரிங்குக்குள் போனால் ஸ்பூல் சுற்றும்போது கரகரவென்று சத்தம் வரும், அப்போது மறுபடியும் கழுவி ஒரு சொட்டு எண்ணெய். 2 கிராமுக்குக் கீழே போக ஆசைப்பட்டால், பி.எஃப்.எஸ். ரீல் இல்லாதவர்கள் அதற்கு ஸ்பின்னிங் ரீலையே எடுத்துக்கொள்ளலாம், அந்த எடையில் அதுதான் லேசாக எறியும்.